மீசைக்காரரும் என் மாமியாரும்

சென்ற வருஷம் மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு நாலு நாள் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். சேலத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் என் மாமியார் ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபதாவது வளைவில் பெயர்கள் தீர்ந்துபோய், "சேர்வராயா!" என்று அந்த மலைச் சாமியையே கூப்பிட்டுவிட்டார்.

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஏறக்குறைய 5,000 அடி உயரம். காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்களில் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள், படகு மிதக்கும் ஏரி, லேடீஸ் ஸீட்டில் நின்றால் காலடியில் சேலம் நகரம். இவற்றையெல்லாம் வர்ணிக்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பிறகு விடவே இல்லை. மூன்று நாள் நாங்கள் விடுதியின் கூடத்தில் உட்கார்ந்து, தொப்பி வைத்த மீசைக்காரர் ஒருவரைத் துள்ளிக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தால், நான் சொல்வது உங்களுக்கும் வேண்டியதாக இருக்கலாம்.

நிற்க. ஏற்காட்டில் மழை வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் இடி இடித்துவிட்டது. என் பையன் அவன் அப்பாவின் போனில் ஏதோ ஒரு சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். போனில் பாங்கு அட்டை விவரம் பதிந்திருந்தது. விளையாட்டில் வரும் வீரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு வர்ணம், திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் பரிசுப் பெட்டிகள் என்று ஒரு மாதத்துக்குள் 4,200 ரூபாய் போய்விட்டது. சட்டை என்றால் துணிச் சட்டை அல்ல, திரையில் தெரியும் சட்டை! பாங்குக் கணக்கைப் பார்த்த அன்று இவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு மாமி இறங்கி வந்து விசாரித்தார். "இனிமேல் இந்த வீட்டில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது" என்று உத்தரவாயிற்று. பையனும் பதிலுக்கு ஒரு சபதம் எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது: அப்பாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டான். பதினொரு நாள் ஆகியிருந்தது. அதை உத்தேசித்துத்தான் ஏற்காட்டுப் பயணமே.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் போர்வை போட்டது மாதிரி பனி. போனில் ஸிக்னல் இல்லை. கூடத்தில் ஒரு மூலைக்கு ஒருவர்.

"ஏனுங்கம்மா, பசங்க சும்மாவே குந்தியிருக்குதுங்களே, இதைப் போட்டு உடட்டுங்களா?" என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்தார். பழைய டி.வி. கேம்! கூடத்தில் இருந்ததும் பின்புறம் பானை வயிறாகப் புடைத்த பழைய டெலிவிஷன்தான். கேசட்டின் மேல் 99,99,999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே எண்ணினால் இருபது தேறாது. அதே ஆட்டம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

இவர் மூலையிலிருந்து தலையைத் தூக்கினார். எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் கேசட்டை வாங்கி, வாய்க்கு நேரே வைத்து 'ஃபூ' என்று ஊதி, பெட்டியில் செருகினார். (அப்படி ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வாயின் ஈரம் பட்டுத் துருதான் பிடிக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனாலும் 1990களில் பையனாக இருந்த எவரும் ஊதாமல் செருகமாட்டார்.) திரையில் நீல வானம், செங்கல் தரை, தொப்பிக்காரர். பின்னாலேயே அந்தச் சங்கீதம். அடடா, அந்த மனிதரின் முகம் பத்து வயதுக்குப் போய்விட்டது!

உங்களில் பலருக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். சென்னையில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் இந்தப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. ஜப்பானில் 1983ல் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட யந்திரத்தைப் பார்த்துக் காப்பியடித்தவை. வாங்க முடியாதவர்களுக்குத் தெருக்கோடிக் கடையில் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். மீசைக்காரரின் பெயர் மரியோ. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்ற அந்த ஆட்டம் ஜப்பானில் வெளிவந்தது 1985 செப்டம்பரில். அதாவது நாற்பது வயதைத் தாண்டிய கிழ ஆட்டம்! போனில் வரும் விளையாட்டுகள் மூன்று வருஷத்தில் பழசாகிப் போகிற இந்தக் காலத்தில், இது மட்டும் எப்படி இன்னும் பிழைத்திருக்கிறது?

எனக்கு அதற்கு விடை சொன்னவர் என் மாமியார்தான். அத்தைக்கு எழுபத்து நாலு வயது. டெலிவிஷனில் ஸீரியல் மாற்றுவதற்கே பேத்தியைக் கூப்பிடுகிறவர். இவர் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொண்டாடா, நானும் தட்டிப் பார்க்கிறேன்" என்றார். கையில் பிடியைக் கொடுத்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மீசைக்காரர் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார். வலது பக்கத்திலிருந்து காளான் மாதிரி ஒரு சின்னப் பிராணி ஊர்ந்து வந்து அவர்மேல் முட்டியது. போய்விட்டார்! ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை அத்தை எதையோ அமுக்கினார். மீசைக்காரர் குதித்தார், ஆனால் நேரம் தவறிக் குதித்தார். மூன்றாம் தடவை அந்தப் பிராணியின் தலையிலேயே வந்து இறங்கினார். பிராணி சப்பட்டையாயிற்று. "ஆஹா, அப்படியா சேதி!" என்றார் அத்தை.

பார்த்தீர்களா? ஒரு எழுத்துப் படிக்கவில்லை. 'இதை அமுக்கு, அதை அமுக்கு' என்று திரை சொல்லவில்லை. ஆட்டத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ அந்த முதல் நிமிஷத்தை வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார். தோற்றால் அரை நிமிஷ நஷ்டம். ஆனால் குதிக்க வேண்டும் என்ற பாடம் கிடைத்துவிடும். கொஞ்ச தூரத்தில் தாண்ட ஒரு குழாய் வரும், பிறகு அதைவிட உயரமான குழாய், பிறகு பள்ளம். நல்ல வாத்தியார் வகுப்பு எடுப்பது போல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். அதனால்தான் ஜப்பானியர் செய்த ஆட்டத்தை இங்கிலீஷும் தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் ஆட முடிந்தது.

இத்தனைக்கும் அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். நாம் காலையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் 'வணக்கம்' படம் ஒன்று அதைவிடப் பெரிது! இடம் போதாமல் என்னவெல்லாம் சிக்கனம் செய்தார்கள் தெரியுமா? வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். வர்ணம் மட்டும் வேறே. மரியோவுக்கு மீசை வைத்ததே சிக்கனத்தால்தான். 1981ல் அவரை முதன்முதலாக வரைந்தபோது, விரல் நக அளவு இடத்தில் வாய் வரைய முடியவில்லை. மூக்குக்குக் கீழே மீசையை வைத்துச் சமாளித்தார்கள். தலைமயிர் வரைவது கஷ்டம் என்று தொப்பி. முந்தின நாள் சாதத்தை மறுநாள் புளியோதரையாக்கி, 'இன்னும் கொஞ்சம் போடு' என்று வீட்டாரைக் கேட்க வைக்கும் நமக்கு இந்த ரகசியம் புரியாதா என்ன?

மறுநாளும் மழை. அத்தை பல் தேய்த்ததும் பிடியைத் தேடினார். அன்றைக்குக் கேசட்டில் 'பாக்மேன்' அகப்பட்டது. வாயைத் திறந்து மூடிப் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் மஞ்சள் உருண்டை. இது 1980ல் பிறந்தது. நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அந்தக் காலத்து விளையாட்டுக் கூடங்களில் ஆண்பிள்ளைகள் கூட்டம்; எல்லாம் சுடுவதும் கொல்லுவதும். பெண்களும் உள்ளே வரவேண்டும், அவர்களுக்குப் பிடிப்பதாக ஒன்று செய்யவேண்டும் என்று தோரு இவாட்டானி என்ற 25 வயது இளைஞர் யோசித்து, சாப்பிடுவதையே ஆட்டமாக்கினார். (பெண்கள் என்றால் சாப்பாடு என்று நினைத்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் அத்தை எழுந்திருக்காததைப் பார்த்தபோது மன்னித்துவிட்டேன்.)

துரத்தி வரும் நாலு பேய்களுக்கும் நாலு சுபாவம். சிவப்புப் பேய் நேரே பின்னால் வரும். இளஞ்சிவப்பு, நாம் போகப்போகும் இடத்துக்கு முன்னாலேயே போய் மடக்கப் பார்க்கும். நீலம் என்ன செய்யும் என்று கணிப்பது கஷ்டம். ஆரஞ்சு, கிட்டே வந்து பயந்து விலகிவிடும். ஒரு மணி நேரம் ஆடியதும் அத்தை, "சிவப்பு என் பெரிய ஓரகத்தி. அந்த ரோஸ் கலர் இருக்கிறதே, அது நாத்தனார். வாசலில் முன்னாடியே போய் நிற்கும்!" என்றார். அவருக்கு எதுவும் நான் விளக்கவில்லை. விளக்க எனக்கே அப்போது தெரியாது. பேய்கள் விதி பிசகாமல் நடந்துகொள்ளுகின்றன. அதனால் பார்த்துப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். தோற்றபோதெல்லாம், "என் தப்பு" என்றாரே ஒழிய, யந்திரத்தைத் திட்டவில்லை.

அத்தை சிறு வயதில் பல்லாங்குழியில் கெட்டிக்காரர். அதையும் நினைத்துப் பாருங்கள். பதினாலு குழி, கைநிறையப் புளியங்கொட்டை அல்லது சோழி. விதி ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். தாயக்கட்டையா, சீட்டா, அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட? எல்லாக் காய்களும் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகின்றன. எதிராளி 'பசு' எடுத்தால் நாம் எண்ணத் தவறிவிட்டோம் என்றுதான் அர்த்தம். இதன் உறவினரை இலங்கையில் ஒலிந்த என்றும், ஆப்பிரிக்கா நெடுக இன்னும் பல பெயர்களிலும் ஆடுகிறார்கள். எத்தனையோ தலைமுறையாக அது பிழைத்திருக்கும் காரணமும் மீசைக்காரர் பிழைத்திருக்கும் காரணமும் ஒன்றே என்றுதான் எனக்குப் படுகிறது. உள்ளே நுழைய ஒரு நிமிஷம். தேர்ச்சி பெற வருஷக் கணக்கு. தோல்விக்குக் காரணம் நம் கை.

பழசெல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். அந்த வருஷங்களில் வந்த ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. 1982ல் 'ஈ.டி.' என்ற பிரபலமான சினிமாவை வைத்து அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி ஒரு ஆட்டம் போட்டது. ஐந்து வாரத்தில் அவசரமாகச் செய்தது. கதாநாயகன் எதற்கென்று தெரியாமல் குழியில் விழுந்துகொண்டே இருப்பான். ஆடுகிறவர்களுக்குத் தங்கள் தப்பு என்ன என்றே புரியவில்லை. விற்காமல் தேங்கிய சரக்கை 1983ல் நியூ மெக்ஸிகோ பாலைவனத்துக் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தார்கள்! 2014ல் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் கிடைத்தன. பாக்மேனையோ 2012ல் நியூயார்க்கின் நவீன கலை மியூஸியம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

பாக்மேனும் ஒன்றும் தர்மத்துக்குச் செய்ததல்ல. கூடத்தில் காசு போட்டால்தான் ஆடும். ஆனால் ஒரு காசுக்கு ஒரு ஆட்டம். அம்பானி வீட்டுப் பிள்ளைக்கும் அடுத்த தெருப் பிள்ளைக்கும் அதே பேய்கள், அதே வேகம். முடிந்தால் 'முடிந்தது' என்று திரை சொல்லிவிடும். இன்றைய போன் விளையாட்டுகள் பல இலவசம் என்று வாசலைத் திறந்து வைக்கின்றன. முடிவு என்பதே அவற்றுக்குக் கிடையாது. இன்று வராவிட்டால் நாளைய பரிசு போச்சு என்று பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்புகின்றன. உள்ளே என்ன என்று தெரியாத பரிசுப் பெட்டியை விலைக்கு விற்கின்றன. பெல்ஜியம் 2018ல் இதைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. நம் தமிழ்நாட்டில் 2022லும், பாராளுமன்றத்தில் 2025 ஆகஸ்டிலும் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அவை பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைப் பற்றியவை. சட்டை விற்கிற வீரனை வீட்டில் நாம்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை கண்ணயர்ந்திருந்தார். பையன் தானாகவே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு பிடி இவரிடம், ஒரு பிடி அவனிடம். மாற்றி மாற்றி ஆடினார்கள். பேச்சு இல்லை; "இப்போ குதி," "பொறு, பொறு," இவ்வளவுதான். ஆனால் பதினொரு நாளுக்குப் பிறகு அதுவே எனக்குக் கச்சேரி மாதிரி இருந்தது. ஆட்டத்தில் மொத்தம் எட்டு உலகம். நாலரை மணிக்கு இவர் எட்டாவது உலகத்தில் இருந்தார். பையன் முழங்காலில் எழுந்து நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்து மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடி, கரண்ட் போய்விட்டது.

ஆடியதைச் சேமித்து வைக்கும் வசதி அந்தப் பழைய ஆட்டத்தில் கிடையாது. அத்தனையும் போச்சு. இவர் இருட்டில் பிடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இதிலே காசு கொடுத்து விட்ட இடத்திலேர்ந்து ஆட முடியாதா?" என்று பையனின் குரல் கேட்டது.

"முடியாதுடா. எவ்வளவு கொடுத்தாலும் முடியாது. முதல்லேர்ந்துதான்."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். பிறகு இவர் சொன்னார்: "இதுக்காக நானும் திருடியிருக்கேன். 1994ல். தெருக்கோடிக் கடையிலே மணிக்கு அஞ்சு ரூபாய். பாட்டியோட கடுகு டப்பாவிலேர்ந்து எடுப்பேன். ஒரு லீவு பூரா."

பையன் பதில் சொல்வதற்குள் கட்டில் பக்கமிருந்து, "நூத்தி முப்பது ரூபாய்" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே.

"உனக்குத் தெரியுமா, அம்மா?"

"கடுகு டப்பாவிலே எவ்வளவு இருக்குன்னு தெரியாதவ குடித்தனம் பண்ண முடியுமா? ஸ்கூல் திறந்தா சரியாப் போயிடும்னு விட்டேன். சரியாவும் போச்சு."

பையன் சிரிக்க ஆரம்பித்தான். இருட்டில் இவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அது நல்லதாகவே போயிற்று. அப்புறம் இருவரும் வெகு நேரம் அந்த 4,200 ரூபாயைப் பற்றிப் பேசினார்கள். எப்படி ஆரம்பித்தது, ஸ்கூலில் யார் யாரிடம் எந்தச் சட்டை இருக்கிறது, இல்லாதவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது. பதினொரு நாளாக நாங்கள் கத்தினோமே ஒழிய, இதை ஒருவரும் கேட்கவில்லை.

சிறு வயது நினைவுதான் இந்த ஆட்டங்களைக் காப்பாற்றுகிறது, வேறொன்றுமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. இவர் விஷயத்தில் அது வாஸ்தவமாக இருக்கலாம். என் பையனுக்கு எந்த நினைவு? 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'டெட்ரிஸ்' என்ற கட்டை அடுக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சதுரம் சேர்ந்த ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். வரிசை நிரம்பினால் மறையும், அவ்வளவே. நம் ஊரில் திருவிழாக் கடையில்கூட 'பிரிக் கேம்' என்று கைக்கடக்கமாக விற்றார்கள். 1989ல் வந்த அதன் நின்டெண்டோப் பதிப்பில், ஆட்டமே தாங்காமல் யந்திரம் உறைந்து நிற்கும் இடம் வரையில் எந்த மனிதனும் போனதில்லை. 2023 டிசம்பரில் முதன்முதலாக அங்கே போய்ச் சேர்ந்தவன் அமெரிக்காவில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு பையன். வயது 13. ஆட்டம் அவனைவிட இருபது வயதுக்குமேல் மூத்தது!

நாலாம் நாள் வெயில் வந்தது. கிளம்பும்போது இவர் அந்தப் பெட்டிக்கு விலை கேட்டார். பெரியவர் பதறிப் போனார். "விலைக்குக் குடுக்க மாட்டனுங்க. மழை புடிச்சா இதை வெச்சுத்தானுங்க குடும்பங்களைச் சமாளிக்கறேன்."

பையனிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமா என்று கேட்பீர்கள். கொடுத்தோம். பாங்கு அட்டையை எடுத்துவிட்டு, சனி ஞாயிறு மட்டும், கூடத்தில் எல்லார் எதிரிலும் உட்கார்ந்து. 4,200 ரூபாயைத் தீபாவளிக் காசிலிருந்தும் பிறந்தநாள் காசிலிருந்தும் அவனே அடைக்கிறான். இதுவரை 1,350 வந்திருக்கிறது. சண்டை விளையாட்டை அவன் அடியோடு விட்டுவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு ஆட்டம் கேட்டால் மட்டும், "இது எப்போ முடியும்? நடுவிலே காசு கேட்குமா?" என்று நான் கேட்கிறேன். அவனும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான்.

ரிச்சி தெருவில் தேடி இவர் அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறார். அதில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. முதல் உலகத்தின் இரண்டாவது கட்டத்தில், சுரங்கத்தின் கூரைமேல் ஏறிக் கடைசி வரை ஓடினால் மூன்று குழாய்கள் வரும். அவற்றில் இறங்கினால் நேரே நாலாவது உலகத்துக்கே போய்விடலாம். அன்று ஏற்காட்டில் அத்தை தூங்கும்போது அப்பாவும் பிள்ளையும் அவ்வளவு சீக்கிரம் எட்டாவது உலகத்தை எட்டியதே இந்தக் குறுக்கு வழியில்தான். சென்ற வாரம் பேத்தி வாய் தவறிப் பாட்டியிடம் சொல்லிவிட்டாள். எட்டு மாதமாக ஒவ்வொரு கட்டமாக நடந்தே போய்க்கொண்டிருந்த அத்தை இப்போது மகனோடு பேசுவதில்லை. இன்றோடு ஆறு நாள் ஆகிறது.